மசியாதவர்

"காலையில ரத்தம் எடுத்துட்டு மத்தியானத்துக்குள்ள எப்படி டாக்டர் சொல்ல முடியும்?" மகன் இரண்டாவது முறையாகக் கேட்டான்.

"முன்னெல்லாம் ரத்தத்துல இருக்கற கிருமிய வளர்த்துப் பாக்கணும், மூணு நாள் ஆகும். புது மெஷின் இன்னிக்கே சொல்லிடுச்சு. கால் காயம் வழியா ஏறின கிருமி. நம்மகிட்ட இருக்கற எந்த மருந்துக்கும் மசியாது." டாக்டர் அவன் அம்மாவின் பக்கம் திரும்பினார். "ராத்திரியத் தாண்டறது கஷ்டம்மா. பேசணும்னா இப்பவே போய்ப் பேசுங்க."

"மருந்து இல்லன்னு சொல்றதுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?" மகனின் குரல் உடைந்தது.

அவளுக்கோ, அந்த நேரத்தில் போய், சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். மசியாது என்பது கல்யாணமான நாளிலிருந்து தன் கணவரைப் பற்றி அவள் சொல்லிவந்த சொல். பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர், விடுமுறையில் வாலிபால் நடுவர், ஊருக்கெல்லாம் 'விசில் சார்'. யார் கெஞ்சினாலும் கொடுத்த தீர்ப்பை மாற்றாதவர். தேடிப்பிடித்துத் தனக்கேற்ற கிருமியாகப் பார்த்து வாங்கியிருக்கிறாரே மனுஷன் என்று நினைத்ததும் அழுகை வந்தது.

"அப்பாவுக்குத் தெரியக் கூடாது. நீ இங்கயே இரு, உன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்."

அவள் வார்டுக்குள் போனபோது அவர் விழித்துத்தான் இருந்தார். மூக்கையும் வாயையும் ஆக்ஸிஜன் முகமூடி மூடியிருந்தது. என்னவாம் என்று புருவம் கேட்டது.

"புது மருந்து எழுதியிருக்காங்க. ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாமாம்." கூசாமல் பொய் சொன்னாள். அவர் பார்வை அவள் முகத்தை விட்டு நகரவில்லை. எப்போதும் போல எதையாவது பேசியாக வேண்டும். "வீட்டுக்கு வந்ததும் நம்ம பஞ்சாயத்த முடிக்கணும். அந்தப் பந்து உள்ளதான் விழுந்துச்சு."

கல்லூரி இறுதி ஆட்டத்தில் அவள் ஓங்கி அடித்த கடைசிப் பந்து அது. கோட்டில் விழுந்ததைக் கண்ணால் கண்டாள். நடுவரோ இரண்டு கைகளையும் மேலே மடக்கி 'வெளியே' என்று காட்டிவிட்டார். கோப்பை போயிற்று. அந்த நடுவரே ஆறு மாதம் கழித்துப் பெண் கேட்டு வந்து நின்றார். "பந்து உள்ளன்னு ஒத்துக்கிட்டா கட்டிக்கறேன்" என்றாள். "கல்யாணம் வேற, பந்து வேறங்க" என்றார். அந்தப் பதிலுக்காகவே கட்டிக்கொண்டாள். அப்புறம் எத்தனை சண்டை! சாப்பிடும்போது சீண்டினால் எச்சில் கையோடு இரண்டையும் தூக்கிக் காட்டுவார். பிரசவ வார்டில்கூட, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிள்ளையை வாங்கித் தொட்டிலில் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார். அந்தச் சண்டைகளைப் போல அவளைச் சந்தோஷப்படுத்தியது வேறெதுவும் இல்லை.

இப்போதும் தூக்குவார் என்று காத்திருந்தாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊசி ஏற்றியிருந்த கையை மெதுவாகக் கட்டிலுக்கு வெளியே நீட்டினார். நடுவர் சைகையாக விரல்கள் தரையைக் காட்டின. உள்ளே.

மனுஷனுக்குத் தெரிந்துவிட்டது.

"இல்லங்க. வெளியதான். எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவர் கையைப் பிடித்து, முழங்கையை மடக்கி, மேலே உயர்த்தினாள். விடாமல் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நர்ஸ் முகமூடியைக் கழற்றி, இயந்திரத்தை நிறுத்தினாள். மகன் குனிந்து அவள் தோளைத் தொட்டான்.

"அப்பா கைய கீழ வைம்மா."

அவள் வைக்கவில்லை.