நிலைக்காலில் ஒரு மண்கோடு

1
இந்தக் கதை, பெயிண்ட் பளபளத்த நிலைக்காலுக்குள் என் ஆள்காட்டி விரல் இரண்டாம் கணுவரை போனபோது தொடங்கியது. விரல் என்னுடையதுதான். ஆனால் 'நான்' என்று எழுத ஆரம்பித்தால் நாலாவது வரியில் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே இனி 'அவள்'.

2
முதல் தொடக்கம்: அவள் கணவர் எச்சரிக்கையான மனிதர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்தடிக்க ஆள் வருவார். சமையலறை மூலை, குளியலறைச் சாக்கடை வாய், கட்டிலடி எல்லாம் நனையும். மறுநாள் கரப்பான்கள் மல்லாந்து கிடக்கும். கணவர் அவற்றை எண்ணிப் பார்த்துத் திருப்திப்படுவார்.

[நன்றாகத்தான் போகிறது. அவர் இறந்துவிட்டதை எங்கே சொல்வது என்று தெரியவில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்: போன வருடம்.]

3
கரையானுக்கு வந்தவர் வேறு ஆள். முழங்காலிட்டு, திருப்புளியின் பிடியால் நிலைக்காலைத் தட்டினார். அட்டைப்பெட்டி போல ஒலித்தது.

"மூணு மாசத்துக்கு ஒருதடவ மருந்து அடிச்சோமே?" என்றாள் அவள்.

"அது வெளிய திரியிற பூச்சிக்கும்மா. கரப்பான் மேல நடக்கும், மருந்த மிதிக்கும், சாகும். இது மண்ணுக்குள்ளேர்ந்து நேரா மரத்துக்குள்ள போகுது. நீங்க மருந்து அடிச்சதே அதுக்குத் தெரியாது. தரையோரமா துளை போட்டு அடிமண்ணுக்கு மருந்து விடணும்."

கணவரின் தங்கை வாசலில் நின்றிருந்தாள். "அண்ணனுக்குக் கரப்பான் எண்ணவே நேரம் சரியா இருந்துச்சு, அண்ணி. இதுங்க முன்னாடி வந்து மல்லாந்து காட்டலையே, பாவம்."

"நீ சும்மா இரு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சுவரோரமா மண்கோடு ஏதாவது பாத்தீங்களாம்மா? பென்சில் பருமனுக்கு? அதுக்குள்ளதான் கரையான் ஏறி வரும்."

பார்த்திருக்கிறாள். அழுக்கு என்று நினைத்து வாரா வாரம் ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். மருந்தடிக்கிறவரும் வந்து, "வீடுன்னா இப்படி இருக்கணும்மா," என்று மெச்சிவிட்டுப் போவார்.

4
[நீங்கள் இப்போது ஓர் உவமையைப் பிடித்திருப்பீர்கள். கணவருக்கு மாதா மாதம் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது; உள்ளே வேறொன்று

மூன்று முறை இங்கேயே நின்றுவிட்டது. கரையானுக்கு உவமையாகும் ஆசை கிடையாது. அதற்குப் பசி, அவ்வளவுதான்.]

ஆனால் இதை எழுதாமல் தீராது: முதுகு வலிக்கிறது என்று அவர் சொன்ன நான்கு மாதமும் அவள் தைலம் தேய்த்துவிட்டாள். "இப்ப தேவலை," என்பார். அவளும் நம்பி

5
டிரில் இரைந்துகொண்டிருந்தபோது கரையானுக்கு வந்தவரிடம் அவள் கேட்டாள்: "நான் தொடைக்காம இருந்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?"

ஒரு முடிவில் அவர், "இல்லம்மா, உள்ள எப்பவோ ஆரம்பிச்சிருக்கும்," என்கிறார். நாத்தனார் கட்டிக்கொண்டு அழுகிறாள். நம்பும்படி இல்லை, அவள் அழுகிற ரகமே அல்ல.

இன்னொரு முடிவில், "தெரிஞ்சிருக்கும்," என்கிறார். அதை எழுதிய பிறகு இரண்டு நாள் மேசைப் பக்கமே போகவில்லை.

உண்மையில் நடந்தது? இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. டிரில்லை நிறுத்திவிட்டு, "என்னம்மா கேட்டீங்க?" என்று திரும்பினார்.

இனி அவர் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். அவள் மரத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்து ஒரு பதில் சொல்லுங்கள். பொய் சொல்வதானால் யோசிக்காமல் சொல்லுங்கள். தாமதித்தால் கண்டுபிடித்துவிடுவாள்.