நிமிர்த்திய மீன்

கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் நேராக நீந்துவதைப் பார்த்ததும் ஆராய்ச்சிக்காரிக்குக் கோபம் தலைக்கேறியது.

ஆறு வருஷம் ஊசியும் தூரிகையுமாகக் கல்லைச் சுரண்டி அவள் வெளியே எடுத்த நுரையீரல் மீனின் புதைபடிவம் அது. கிடைத்தபோது வாலைத் தலைமேல் போட்டுக்கொண்டு, கல்லாகிப்போன சேற்றுப் பொந்துக்குள் சுருண்டிருந்தது. ஆறு வற்றினால் அந்த வகை மீன் சேற்றைக் குடைந்து, அடுத்த மழைவரை காற்றைச் சுவாசித்துக் கிடக்கும். அந்த மீன் வாழ்ந்த பழங்கால வெப்பநாட்டு ஆறு வற்றும் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தச் சுருள்தான்.

"யார் சார் இதைச் செஞ்சது?"

அருங்காட்சியக இயக்குநர் பூரித்துப்போனார். "உங்க அண்ணன்தான். அறுத்து, ஒட்டி, எவ்வளவு அழகா நிமிர்த்திட்டார் பாருங்க! சுருண்டு கிடந்தா பாம்புன்னு நினைப்பாங்க. மூணு மணிக்குத் திறப்பு விழா."

'என்றும் வற்றாத பேராறு' என்றது விளக்க அட்டை. கீழே அவள் பெயர்.

மாதிரி உருவங்கள் செய்யும் கூடத்தில் அண்ணன் கைகழுவிக்கொண்டிருந்தான்.

"உன்கிட்ட கேட்டுட்டுதான் சொல்றார்னு நினைச்சேன்மா."

"ஒரு போன் பண்ண முடியலையா? மீன் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சுன்னு சாப்பிடறப்போ எத்தனை தடவை சொல்லியிருக்கே! அதுல ஒண்ணுகூட மண்டையில ஏறலையா?"

பசையைக் கரைக்கும் அசிட்டோன் புட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் கண்ணாடிப் பெட்டியை நோக்கி நடந்தாள். அவன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"இரு. எங்கெங்கே அறுத்தேன்னு எனக்குத்தான் தெரியும்."

இயக்குநர் தாம்தூம் என்று குதித்தார். "வேலை போயிடும்மா!"

"போகட்டும். பொய்க்குக் கீழே என் பேர் இருக்கக் கூடாது."

ஏழு துண்டும் கழன்றன. வளைத்து வைத்துப் பார்த்தால், ரம்பம் ஓடிய இடத்தில் இரண்டு விரற்கடை முதுகெலும்பு தூளாகிப் போயிருந்தது. அதற்குள் விருந்தினர்கள் வந்துவிட்டார்கள். இயக்குநர் சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார்.

"உங்களுக்காகவே ஒரு செயல்விளக்கம்!"

"இல்லைங்க," என்றாள் அவள், கூடமே திரும்பிப் பார்க்கும்படி. "அழகுக்காக அறுத்துக் கெடுத்த மீன் இது. அந்த ஆறு வத்திச்சு. இது சேத்துக்குள்ள மழைக்காகக் காத்திருந்து செத்துச்சு."

திங்கட்கிழமை அவளிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டே வரியில் பதில் எழுதினாள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மீனைச் சுருளாகவே வைத்து, அட்டையையும் மாற்றினார்கள்.

"அந்த முதுகெலும்பு இடைவெளியை மட்டும் பூசி அடைச்சுடவா?" என்று அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கை வெச்சுப் பாரு, தெரியும்," என்றாள்.