சுகுணா ஹால்

விமல்ராஜ் ஏணியிலிருந்து இறங்கியதும் கையைக்கூடத் துடைக்காமல் மெஹ்னாஸின் செல்போனைக் கேட்டு வாங்கினான். வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று என்று இரண்டு கேமராக்களை மாட்டியிருந்தான். இரண்டும் வைஃபையில் ஓடுகிறவை. இனி அவள் எங்கே இருந்தாலும் வீடு கைக்குள் இருக்கும் என்றான்.

"ஆப் ஏத்திட்டன்க்கா. என் அக்கவுண்ட்ல உங்க வீட்டைச் சேத்து, அங்கருந்து உங்களுக்கு ஷேர் பண்ணிட்டன். தொறந்தா படம் வந்துரும். இந்த மைக்கை அமுக்கிப் பேசுனா வீட்டுல கேக்கும்."

"பாஸ்வேர்டு?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறன்க்கா. அப்பறமா மாத்திக்கலாம்."

அவனுக்கு அடுத்த வீட்டு வேலை காத்திருந்தது. ஏணியை பைக்கில் சாய்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஹால் கேமரா வேண்டாம் என்றுதான் மெஹ்னாஸின் கணவன் ஜுபைர் சொன்னான். காவேரிப்பட்டினத்தில் தேங்காய் மொத்த வியாபாரம் பார்ப்பவன், விடிவதற்குள் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் ஓசூருக்குத் திரும்புவான். "வூட்டுக்குள்ள எதுக்கு? வாசலுக்கு இருந்தாப் போதும்" என்றான். மெஹ்னாஸ் விடவில்லை. பாகலூர் சாலைப் பக்கம் அவர்கள் தெருவிலேயே போன மாதம் பட்டப்பகலில் ஒரு வீட்டை உடைத்திருந்தார்கள். பத்து வயது அதியா பள்ளி வேனிலிருந்து இறங்கித் தானே பூட்டைத் திறந்து, அம்மா வரும்வரை தனியாக இருக்கிறாள். வீட்டில் ஒரு பழைய பட்டன் போன் உண்டு. பாதி நாள் அதில் சார்ஜ் இருக்காது. கம்பெனியில் நின்றுகொண்டு அந்தப் போன் அடித்துக்கொண்டே இருப்பதைக் கேட்கும்போது மெஹ்னாஸுக்கு வேலையே ஓடாது. இனி அந்தப் பாடு இல்லை என்று நினைத்தாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லாக்கரிலிருந்து போனை எடுத்து முதல்முறையாகத் திறந்து பார்த்தாள். சிப்காட்டில் அவள் வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேன்டீன் ஓரமாக உட்கார்ந்து ஆப்பைத் தொட்டாள். வாசல் தெரிந்தது. ஹால் தெரிந்தது. யாருமற்ற சோபா, அணைத்து வைத்த டி.வி. மனசு நிம்மதியானது.

அப்போதுதான் கீழே வேறு பெயர்களும் வரிசையாக இருப்பதைக் கவனித்தாள். முதலில் இருந்தவை 'சுகுணா வாசல்', 'சுகுணா ஹால்'.

என்னவென்று புரியாமல் இரண்டாவதைத் தொட்டுவிட்டாள். நீலத் தரை போட்ட ஒரு ஹால் விரிந்தது. கட்டிலின் விளிம்பில் ஒரு பெரியவர் பனியனோடு உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு பிசைந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒருவரின் வீடு. யாரோ ஒருவரின் அப்பா. சாப்பிடுகிற ஒருவரை அவருக்குத் தெரியாமல் மேலேயிருந்து பார்ப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சட்டென்று மூடிவிட்டாள்.

கூச்சம் போன இடத்தில் பயம் வந்தது. அந்த வீடு எனக்குத் தெரிகிறதென்றால், என் வீடு யாருக்குத் தெரிகிறது?

விமல்ராஜைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்தது, லைனுக்குப் போக வேண்டியிருந்தது.

அந்தப் பிற்பகல் முழுக்க அவள் கை வேலை பார்த்தது, மனம் வீட்டு ஹாலில் நின்றது. அளவு பார்த்துத் தள்ளவேண்டிய உருப்படிகளில் ஒன்றைத் தவறான டிரேயில் போட்டு, சூப்பர்வைசர் பாலாஜியிடம் பேச்சு வாங்கினாள். டீ இடைவேளை வந்ததும் ஓட்டமாகப் போய் லாக்கரைத் திறந்தாள்.

அதியா வந்திருந்தாள். சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நேற்று இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் மெஹ்னாஸ் சிரித்திருப்பாள். இன்று அந்தப் பிள்ளையைச் சுற்றி முகம் தெரியாத ஆட்கள் நின்று பார்ப்பதுபோல் இருந்தது. மைக்கை அமுக்கினாள்.

"அதியா, உள் ரூமுக்குப் போ."

குழந்தை தூக்கிவாரிப்போட்டு எழுந்தது. "அம்மா? எங்க இருக்க?"

"கம்பெனியிலதான். உள்ள போய் உக்காந்து படி. அம்மா வர்ற வரைக்கும் ஹாலுக்கு வராத."

"ஏம்மா?"

"சொன்னாப் போ கண்ணு."

அதியா மேலே கேமராவைப் பார்த்தபடியே உள்ளே போனாள். மெஹ்னாஸ் விமல்ராஜுக்கு மறுபடி அடித்தாள். பதில் இல்லை. பிறகு, அந்த இன்னொரு வீடு இன்னும் தெரிகிறதா என்று பார்க்க 'சுகுணா ஹால்' என்பதைத் தொட்டாள்.

கட்டில் காலியாக இருந்தது. பெரியவர் தரையில் கிடந்தார்.

குளியலறைக் கதவோரம் ஒருக்களித்து விழுந்திருந்தார். ஒரு கால் இயல்பாக மடங்காத பக்கம் மடங்கியிருந்தது. கை மட்டும் தரையைத் தேய்த்து எதையோ பிடிக்கப் பார்த்தது.

யாரைக் கூப்பிடுவது? எந்த ஊர் என்றே தெரியாது. விமல்ராஜ் எடுக்கமாட்டேன் என்கிறான். சத்தமே வராத படத்தில் அந்தக் கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவள் விரல் தானாக மைக்கின் மேல் போனது.

"ஐயா... ஐயா, நான் பேசறது கேக்குதுங்களா?"

கை நின்றது. பெரியவர் தலையைத் திருப்பித் திருப்பி ஆளைத் தேடினார். ஒலியை அவள் கூட்டியபோது முனகல் கேட்டது.

"சுகுணா? பந்தியாம்மா? நீரு... ஸ்வல்ப நீரு கொடு."

கன்னடம். லைனில் பக்கத்தில் நிற்கும் பெண்களிடம் கற்றுக்கொண்ட கன்னடம் அவளுக்குக் கொஞ்சம் உண்டு. தண்ணீர் கேட்கிறார். சுகுணா வந்துவிட்டாள் என்று நினைக்கிறார். இல்லை என்று சொன்னால் பயந்துபோவார். ஆமாம் என்று பொய் சொல்லவும் நாக்கு வரவில்லை.

"ஏளபேடி தாத்தா, ஹாகே இரி" என்றாள். எழுந்திருக்க வேண்டாம், அப்படியே இருங்கள். "ஆள் வராங்க. தண்ணி கொண்டு வராங்க. அசையாதீங்க."

சொல்லிவிட்டாளே தவிர, யார் வருவார்கள்? அவள் 'சுகுணா வாசல்' என்பதைத் திறந்தாள். இரும்புக் கேட், வெளியே தொங்கும் பூட்டு, தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு கடை. கடைப் பலகையை விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். படம் முதலில் குழம்பியது, பிறகு தெளிந்தது. வீரலட்சுமி ஸ்டோர்ஸ், மத்திகிரி. ஓசூரை ஒட்டிய ஊர்தான். அதன் கீழே செல் நம்பர்.

"டீ டைம் முடிஞ்சு எவ்ளோ நேரம் ஆவுது? இங்க உக்காந்து வீடியோ பாத்துட்டு இருக்கீங்களா?" பாலாஜி பின்னால் வந்து நின்றார்.

மெஹ்னாஸ் ஹால் படத்தைத் திருப்பிக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். கோபம் முகத்திலிருந்து இறங்கியது.

"யாரு இவரு? உங்க அப்பாவா?"

"தெரியலைங்க சார். யாரோ. மத்திகிரில இருக்காரு. உங்க போனைக் குடுங்க. இதை மூடினா அவரு தனியா ஆயிருவாரு."

அவர் போனிலிருந்து கடை நம்பரை அடித்தாள். எடுத்தவள் வீரலட்சுமியேதான். எதிர்வீட்டில் பெரியவர் விழுந்து கிடக்கிறார் என்றதும், "திம்மப்பன் தாத்தாவா? நீ யாரும்மா? எங்கருந்து பேசற?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

"அதை அப்பறம் சொல்றன்க்கா. முதல்ல ஓடுங்க. கேட்டு வெளிய பூட்டியிருக்குது."

"ஆமா, அவரு எங்கயாவது நடந்து போயிருவாருன்னு சுகுணா பூட்டிட்டுத்தான் போவா. சாவி அவகிட்டதான் இருக்குது. பள்ளிக்கூடத்துல ஆபீஸ் வேலை, போனை எடுக்கமாட்டா."

"உடைச்சுருங்கக்கா. என்ன ஆனாலும் நான் பதில் சொல்லிக்கறன்."

வீரலட்சுமியும் கடைக்கு வந்திருந்த இரண்டு பேரும் தெருவைக் கடப்பதை மெஹ்னாஸ் பார்த்தாள். அவர்கள் கேட்டை விட்டுவிட்டுப் பின்கதவைத் தேடி வீட்டின் பக்கவாட்டில் போய்ப் படத்திலிருந்து மறைந்தார்கள். போனை வாங்கிக்கொண்ட பாலாஜி ஆம்புலன்ஸுக்கு முகவரி சொல்லிக்கொண்டிருந்தார். மெஹ்னாஸ் மறுபடி மைக்கை அமுக்கினாள். பெரியவர் கண்ணை மூடியிருந்தார்.

"தாத்தா! தூங்காதீங்க. கேக்குதுங்களா? மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க? சொல்லுங்க. என்ன சாப்பிட்டீங்க?"

அவர் உதடு அசைந்தது. ஒன்றும் புரியவில்லை. எங்கோ கல்லால் இரும்பை அடிக்கும் சத்தம் போனுக்குள் கேட்டது. அடி விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் பின்கதவு திறந்து, வீரலட்சுமி ஹாலுக்குள் ஓடிவந்து அவர் தலையைத் தாங்கிப் பிடித்தாள். கூட வந்த ஒருவன் நிமிர்ந்து, குரல் வந்த கேமராவை நேராகப் பார்த்தான். அவன் தன்னையே பார்த்துவிட்டதைப்போல மெஹ்னாஸ் போனைக் கவிழ்த்து வைத்தாள். அழுகை வந்தது.

வேலை முடிந்ததும் அதியாவையும் கூட்டிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிருக்குப் பயமில்லை என்று சொல்லியிருந்தார்கள். வார்டுக்கு வெளியே, போன் செய்தது தான்தான் என்று மெஹ்னாஸ் சொன்னதும் வீரலட்சுமி, பள்ளி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் நின்ற ஒரு பெண்ணிடம் மெஹ்னாஸைக் காட்டினாள். சுகுணா ஓடிவந்து மெஹ்னாஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் பாக்கலைன்னா..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். பிடி மெல்லத் தளர்ந்தது. "எங்க வீட்டை நீங்க எப்பிடிப் பாத்தீங்க?"

மெஹ்னாஸ் சொன்னாள். கேமரா மாட்டியது நேற்றுத்தான், மதியம் ஒரு தடவை, டீ நேரத்தில் ஒரு தடவை.

"மத்தியானமே பாத்தீங்களா? அப்பவே ஏன் சொல்லலை?"

"யாருகிட்டங்க சொல்றது? மாட்டுன பையன் போனே எடுக்கலை."

"அந்த ஹால்லதான் நான் துணி மடிக்கறன், தலை வாரறன், எங்க வீட்டுக்காரரோட சண்டை போடறன்." என்றாள் சுகுணா. "மாமனாரை வெச்சுப் பூட்டிட்டுப் போறவன்னு நீங்க நெனச்சிருப்பீங்க."

"நான் என்னத்தங்க நெனைக்கறது? நானும் இந்தப் பொண்ணைத் தனியா வுட்டுட்டுத்தான் வேலைக்குப் போறன்."

சுகுணா அதியாவைப் பார்த்தாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள்போலத் தன் போனை எடுத்தாள். அந்த ஆப்பில் அவள் தன் வீட்டைத் தவிர வேறு எதையும் திறந்ததில்லை. பட்டியலைக் கீழே தள்ளினாள். 'மெஹ்னாஸ் ஹால்'. தொட்டாள்.

சோபா தெரிந்தது. அதன்மேல் அதியாவின் பள்ளிப்பை, தின்று மீதி வைத்த பிஸ்கட் பாக்கெட்.

"அம்மா, நம்ம வூடு!" என்றது குழந்தை.

மெஹ்னாஸ் கையை நீட்டி அந்தப் படத்தை மூடினாள்.

விமல்ராஜ் இந்த முறை சுகுணாவின் அழைப்பை எடுத்தான். தளியில் வேலை, மலைப்பக்கம் சிக்னல் இல்லை என்றான். ஆஸ்பத்திரிக்கு வந்தவனிடம் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் போன்களை நீட்டினார்கள். அவன் ஒன்றையும் மற்றொன்றையும் பார்த்தான். பிறகு தன் போனைத் திறந்து, நெற்றியில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"புது ஆளுங்க எல்லாரையும் ஒரே குரூப்புல போட்டுட்டன்க்கா. குரூப்பையே ஷேர் பண்ணிட்டன் போல."

"அப்பிடின்னா?"

"அதுல இருக்கற எல்லாருக்கும்..."

"எல்லா வூடும் தெரியும். அதானே?" என்றாள் மெஹ்னாஸ். "உனக்கும் தெரியும். எங்க வூட்டை நீ எதுக்குடா உன் போன்ல வெச்சிருக்கற?"

"சர்வீஸுக்குத்தான்க்கா. சத்தியமா நான் தொறந்து பாத்ததில்ல."

அவன் சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம். அவன் முகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போக இரண்டு பேருக்கும் மனசில்லை. அந்தப் பெஞ்சிலேயே அவனை உட்கார வைத்தார்கள். அவர்கள் கண்முன்னே குரூப்பை அழித்தான், தன் கணக்கிலிருந்து அவர்கள் வீடுகளை எடுத்தான். புது பாஸ்வேர்டை அவரவரே அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு குரூப்பிலிருந்த மற்ற வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் போட்டு நடந்ததைச் சொல்ல வைத்தாள் சுகுணா. சிலர் திட்டினார்கள். ஒருத்தர், தனக்குப் பத்து நாளாகவே வேறு வீடுகள் தெரிவதாகவும், எல்லாருக்கும் அப்படித்தான் வரும்போல என்று விட்டுவிட்டதாகவும் நிதானமாகச் சொன்னார். ஸ்பீக்கரில் அதைக் கேட்ட மெஹ்னாஸ் அதியாவை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

அன்றிரவு வீட்டுக்கு வந்த ஜுபைர் நடந்ததையெல்லாம் கேட்டான். நான் அப்பவே சொன்னேன் என்று அவன் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஹால் கேமராவைக் கழற்றி அலமாரிக்குள் போட்டான். சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. வாசல் கேமரா இருக்கட்டும் என்று விட்டார்கள்.

மறுநாள் டீ இடைவேளையில் மெஹ்னாஸ் ஆப்பைத் திறந்தாள். வாசல் தெரிந்தது. அதியாவின் செருப்பு படியில் கிடந்தது. வாசலுக்கு உள்ளே இனி ஒன்றும் தெரியாது. பட்டன் போனுக்கு அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். ஹால் கேமராவைக் கழற்றியிருக்கக் கூடாதோ என்ற எண்ணம் ஓடியது.

மூன்றாவது முறை எடுத்தாள் அதியா. மூச்சு வாங்கியது.

"மொட்டைமாடில துணி எடுத்துட்டு இருந்தன்மா. தூறல் போடுது."

"கதவு சாத்தியிருக்குதா?"

"சாத்தியிருக்குதும்மா."

"தாழ்ப்பாள்?"

"போட்டிருக்கன்மா. வை, டிரஸ் நனையுது."

போன் வைக்கப்பட்ட பிறகும் மெஹ்னாஸ் அதைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு லைனுக்கு நடந்தாள்.