இலைகள் தோள் உயரத்தில் நின்ற வருடங்கள்

அந்த ஊரில் இலையுதிர் காலம் நான்கு வருடம் நீடித்தது. தையற்கூடத்தில் பொத்தான் தைத்த பெண் தன் கதையை முடிக்காமல் வைத்திருந்ததுதான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பொத்தான்காரி என்றுதான் அவளைக் கூப்பிட்டார்கள். குளிர் தொடங்கிக் கூடத்து மூலையில் அடுப்பு மூட்டியதும் பெண்கள் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொள்வார்கள். ஆளுக்கொரு கோப்பைத் தேநீர், மடியில் பாதி தைத்த சட்டை, காதில் அவளுடைய கதை. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவளுக்குக் கைப்பழக்கம். நிறுத்திவிட்டு நூலைப் பல்லால் கடிப்பாள். “அப்புறம் என்னடி ஆச்சு? சொல்லிட்டுப் போயேன், எனக்குச் சாப்பாடு இறங்காது” என்று மேற்பார்வைக்காரி கத்துவாள். “நாளைக்கு” என்பாள் இவள். மறுநாள் சொல்லியும் விடுவாள். ஒரு ராத்திரிக்கு மேல் யாரையும் தவிக்க விட்டதில்லை. அதற்கு மேல் போனால் கதை ஊசிப்போகும் என்பது அவள் கணக்கு.

அவளுடைய கணவர் லிஃப்ட் பழுது பார்த்தவர். நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்திருந்தார். இலை உதிர்ந்து முடிகிறவரை தாங்கினாலே பெரிசு என்று டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் வழக்கம்போல அவருக்கும் கதை சொன்னாள். வெகுகாலம் வெளியூரில் கிடந்த ஒருவன் வீடு திரும்புகிறான், உள்ளே விளக்கு எரிகிறது, கதவின் கைப்பிடியில் கை வைக்கிறான். “உள்ள யாரு இருக்கா?” என்று கேட்டார் கணவர். “நாளைக்குச் சொல்றேங்க.” மறுநாள் அவள் சொல்லவில்லை.

அன்று காலையில் மரங்களை விட்டுப் பிரிந்த இலைகள் தோள் உயரம் வரை இறங்கி, அங்கேயே நின்றன. ஜனங்கள் கையால் விலக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். சைக்கிளில் போகிறவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள். நகராட்சி நீளக் காம்புத் துடைப்பம் வாங்கிக் கொடுத்தது. தள்ளிய இலை மெல்லத் தன் இடத்துக்கே திரும்பியது. கணவருக்கு மோசமாகவும் இல்லை, தேறவும் இல்லை. இழுத்த மூச்சு பாதியில் நின்றபடி, கண்ணை விழித்துப் படுத்திருந்தார். நிறைமாதமாகப் பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கும் வலி எடுக்கவில்லை. ஒரு வருடம் பார்த்துவிட்டு மருமகன் தொட்டிலை மடித்துப் பரணில் போட்டான்.

பொத்தான்காரி வீட்டிலும் கூடத்திலும் அந்தக் கதையைத் துளித்துளியாக விட்டாள். ஒரு மாதம் அவன் உள்ளங்கை வியர்த்தது. இன்னொரு மாதம் ஜன்னலில் நிழல் அசைந்தது. கூடத்துப் பெண்கள் முதலில் சண்டை போட்டார்கள், பிறகு உள்ளே இருப்பது யாரென்று ஊகித்தார்கள், பிறகு வேறு பேச்சுக்குப் போனார்கள். “அவன் இன்னும் அங்கேயா நிக்கிறான்?” என்று ஒருநாள் கேட்ட மேற்பார்வைக்காரி, பதிலுக்குக் காத்திருக்காமல் ஊசியில் நூல் கோத்தாள். பொத்தான்காரிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. ஆனாலும் வீட்டில் அவர் உயிரோடு இருந்தார்.

நான்காம் வருடம் ஒரு மத்தியானம் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கால்கள் வீங்கியிருந்தன. “அம்மா, என்னால முடியலம்மா. அவனை உள்ள போக விடு.”

“போனா அப்பா…”

“தெரியும்மா. தெரிஞ்சுதான் கேக்கறேன்.”

படுக்கையிலிருந்து கணவர் பேசினார். “சொல்லி முடிச்சிடு. உள்ள யாருன்னு தெரிஞ்சுக்கற ஆசையே எனக்கு விட்டுப்போச்சு. உன் மனசு நோகுமேன்னுதான் கேட்டுக்கிட்டிருந்தேன்.”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். உள்ளே யார் என்பது முதல் நாள் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இத்தனை நாள் பிடித்து வைத்ததில் அது மறந்துபோயிருந்தது. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

“கதவைத் திறந்தான்” என்றாள். “உள்ள யாரும் இல்ல.”

“அவ்வளவுதானா?” என்று கோபமில்லாமல் கேட்ட கணவர், மீதி மூச்சை விட்டார்.

இலைகள் எல்லாம் ஒரே நேரத்தில், மூட்டை அவிழ்ந்து கொட்டுவது போல விழுந்தன. உடலைத் தூக்கிப் போனவர்கள் முழங்கால் ஆழத்தில் நடந்தார்கள். இலை விழுந்த அந்த நேரத்திலேயே மகளுக்கு வலி எடுத்தது. பிறந்த பெண் குழந்தைக்குத் தோள் வரை முடி இருந்தது, பல் எல்லாம் முளைத்திருந்தது. அது அழவில்லை. நர்ஸ் குளிப்பாட்டிக் கீழே விட்டதும் ஜன்னல்வரை நடந்து போய், நெடுநாள் வேலை பார்த்தவளைப் போலச் சுவரில் சாய்ந்துகொண்டது.

பொத்தான்காரி இப்போதும் கதை சொல்கிறாள். தொடங்கியதை அன்றைக்கே, எங்கும் நிறுத்தாமல், கடைசிவரை சொல்லிவிடுகிறாள். அப்புறம் என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. பேத்தி பக்கத்து மேஜையில் காலர் வெட்டுகிறாள், அவளும் கேட்பதில்லை. இலை விழுந்த மறுநாள் வந்த பனிக்காலம் இன்னும் போகவில்லை. மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. வசந்தம் எப்போது வரும் என்று சில வருடம் பேசிக்கொண்டார்கள். போன வருடத்திலிருந்து தையற்கூடத்தில் கோடைச் சட்டைக்குத் துணி எடுப்பதில்லை. கம்பளி மட்டும்தான் தைக்கிறார்கள்.