லிஃப்டில் உருண்ட டம்ளர்

சாவிக்கொத்து என்ற திகில் படவரிசையின் பதினொரு பாகங்களில் மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு பெண்கள் செத்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே தொண்டையால்தான் செத்தார்கள். அந்தத் தொண்டைக்குச் சொந்தக்காரியை ஒலிப்பதிவுக்கூடத்தில் அலறலக்கா என்று கூப்பிடுவார்கள். ஆள் குண்டூசி மாதிரி இருப்பாள். வாயைத் திறந்தாலோ, எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டரிடம் வந்தவர்கள் வலி போய்விட்டது என்று பொய் சொல்லிவிட்டுப் படியிறங்கி ஓடுவார்கள்.

வெறுமனே கத்துகிறவள் இல்லை அவள். குளியலறையில் சாகிறவளுக்கு வழுக்குகிற அலறல், காருக்குள் சாகிறவளுக்கு அடைத்த அலறல், புருஷனை ஏமாற்றியவளுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி கலந்த அலறல் என்று தனித்தனியாக வைத்திருந்தாள். படத்தில் வருகிற கொலைகாரன் கதையே வேறு. தோல் முகமூடியும் இடுப்பில் சாவிக்கொத்துமாக வருவான், எந்த வீட்டுப் பூட்டையும் திறப்பான். மூன்றாம் பாகத்தில் எரித்தார்கள், ஐந்தில் சிமெண்டில் புதைத்தார்கள், ஒன்பதில் விமானத்திலிருந்து தள்ளிவிட்டார்கள். பத்தாம் பாகத்தில் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்து வந்தான்.

அவனுக்குச் சாவே கிடையாது. அலறலக்காவைத்தான் ஒரே போன் காலில் முடித்துவிட்டார்கள். பன்னிரண்டாம் பாகத்துக்கு இளமையான குரல் வேண்டுமாம். சாகிறதற்கு என்ன இளமை வேண்டிக்கிடக்கிறது என்று அவள் கேட்டாள். இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தியைப் போட்டுப் படத்தை முடித்தார்கள்.

அதன் பிறகு ஒரு அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது, புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சிறப்புக் காட்சி, பார்த்துவிட்டு ஒரு அட்டையில் கருத்து எழுதித் தர வேண்டும். அலறலக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். அவள் இல்லாமல் படம் ஊற்றிக்கொள்ள வேண்டும். நாலு பேர் அதைச் சொல்வதை அவள் இரண்டு காதாலும் கேட்க வேண்டும்.

துணைக்குக் கொழுந்தன் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்துச் சோதித்து, எங்கே எது பிசகியிருக்கிறது என்று பார்க்கிற புத்தி அவருக்கு எலும்பில் ஊறிப்போயிருந்தது. சாவிக்கொத்துப் படங்களுக்கென்றே ஒரு தப்பு நோட்டு வைத்திருந்தார். நாலாம் பாகத்தில் மட்டும் முப்பத்தொரு தப்பு. செத்தவள் மூச்சு விட்டது, ரத்தம் கழுவாமலே மறைந்தது, வலது கையில் இருந்த சாவி இடது கைக்குத் தாவியது, எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தார்.

"அண்ணி, நான் இன்னைக்கு ரெண்டு பேனா எடுத்துக்கிட்டேன்" என்றார் பஸ்ஸில்.

"எதுக்கு கொழுந்தனாரே?"

"நீங்க இல்லாத படம். ஒரு பேனா பத்தாது."

அலறலக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இந்த மனிதர் பத்தொன்பது வருஷமாக இப்படித்தான். அவள் புருஷன் பஸ் டிரைவர். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு வலி வந்து, வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி, கைப்பிரேக் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். அப்படி ஒரு ஒழுங்கான மனுஷர். அவர் போய் மூன்று மாதம் இவள் வேலைக்குப் போவதைத் தவிர வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தபோது, கொழுந்தன்தான் ஒரு நாள் மதியம் வந்து, "கிளம்புங்க அண்ணி, நீங்க செத்த படம் ஓடுது" என்று தியேட்டருக்குக் கூட்டிப்போனார். அன்றைக்குத்தான் அவள் மறுபடி சிரித்தாள்.

ஆனால் அவருக்கு ஒரு முள் உண்டு. அண்ணன் போன செய்தியை ஆஸ்பத்திரியிலிருந்து ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போன் போட்டுச் சொன்னவர் அவர்தான். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்: "நான் நேர்ல வந்து சொல்லியிருக்கணும், இல்ல அண்ணி?" அவளும் வருஷத்துக்கு ஒரு தடவை அதே பொய்யைச் சொல்வாள்: "போன்ல சொன்னதுதான் நல்லது. நான் ஒரு சத்தம் போடல. உக்காந்து ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பி வந்துட்டேன்." அதைக் கேட்டால் அவருக்கு அடுத்த வருஷம் வரைக்கும் தாங்கும்.

தியேட்டரில் நூறு பேர் இருந்தார்கள். படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் முதல் கொலை. புதுப்பெண் அலறினாள். அலறினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தொட்டவள் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பின் வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"மூச்சே எடுக்கல" என்றாள் அலறலக்கா, ஆனந்தமாக.

தொழில் அப்படி. சம்பளத்துக்கு அலறுகிற எந்த அலறலும் மூக்கில்தான் ஆரம்பிக்கும். ஒரு பிடி காற்றை உள்ளே இழுத்து, வயிற்றில் நிறுத்தி, அப்புறம்தான் தொண்டையைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது பிணத்திலேயே குரல் கிழிந்துவிடும். அவள் இடது பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் வைத்துக்கொள்வாள். ஒரு சாவுக்கு ஒரு வாய்.

இரண்டாவது கொலை, மூன்றாவது கொலை. கூட்டம் செல்போனை நோண்ட ஆரம்பித்தது. கொழுந்தனின் பேனா தறி மாதிரி ஓடியது. "பதினாறு" என்று அவள் காதில் கிசுகிசுத்தார். "இன்னும் இடைவேளையே வரல அண்ணி." படம் மூழ்கிக்கொண்டிருந்தது. அலறலக்கா காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது லிஃப்ட் காட்சி வந்தது. ஒரு பெண் லிஃப்டுக்குள் தனியாக நிற்கிறாள். இரண்டு மாடிகளுக்கு நடுவில் அது நின்றுவிடுகிறது. வெளியே சாவிகள் கிலுங்குகின்றன. கதவு விரல் அகலம் திறக்கிறது. பெண்ணின் வாய் திறக்கிறது.

அந்த அலறலுக்கு முன்னால் மூச்சு இல்லை. காற்றே இல்லாத தொண்டையிலிருந்து, ஆணியில் மாட்டிய துணி கிழிகிறது போல ஆரம்பித்து, நடுவில் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து இன்னும் மேலே போய், எங்கோ ஒரு டம்ளர் விழுந்து தரையில் உருளுகிற சத்தத்தோடு, சட்டென்று வெட்டப்பட்டது.

நூறு பேரும் அப்படியே உறைந்தார்கள். பாதி மென்ற பாப்கார்ன் வாயிலேயே நின்றது. முன்வரிசையில் ஒருவருக்குத் தலைமுடி நட்டுக்கொண்டதில் பின்னால் இருந்தவருக்குத் திரை மறைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கைதட்டல். முதலில் தட்டியது கொழுந்தன்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார், தட்டிக்கொண்டே. "உங்களையே தூக்கிச் சாப்பிட்டுட்டா இந்தப் பொண்ணு. பன்னெண்டு பாகத்துல இதான் உச்சம்."

அந்த அலறல் எங்கே வெட்டப்பட்டது என்று அலறலக்காவுக்குத் தெரியும். வெட்டிய இடத்துக்கு அப்புறம் ஒரு வார்த்தை இருந்தது. ஏங்க. புருஷனை அவள் கூப்பிடுகிற ஒரே வார்த்தை. அதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆனா ஒரு தப்பு" என்றார் கொழுந்தன், நோட்டில் குனிந்து. "லிஃப்டுக்குள்ள ஏது டம்ளர்? அவ கையில பை கூட இல்ல. பதினேழு."

ஐந்தாம் பாகத்தில் அவள் எட்டாவது பிணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் கொழுந்தனின் அந்தப் போன் வந்தது. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஹெட்போன் வழியாகவே செய்தியைச் சொன்னார். உள்ளே வந்து சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. பதிவு ஓடுகிறது என்று காட்டுகிற சிவப்பு விளக்கை அணைக்கவும் தோன்றவில்லை. பதினாறாம் நாள் வேலைக்குத் திரும்பியபோது அவள் கேட்ட முதல் கேள்வி, அன்றைக்குப் பதிவானது என்ன ஆயிற்று என்பதுதான். அன்னைக்கே அழிச்சிட்டேன் அக்கா என்றார் அவர்.

படம் முடிந்ததும் அந்த ஒலிப்பதிவாளரை மாடிப்படித் திருப்பத்தில் பிடித்தாள். அவருக்கும் ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. இன்னும் அவளுக்குத் தம்பிதான்.

"அழிச்சிட்டேன்னு சொன்னியே தம்பி."

அவர் சுவரில் ஒட்டியிருந்த சாவிக்கொத்து போஸ்டரைப் பார்த்தார். "அழிக்கத்தான் உக்காந்தேன். ஒரு தடவை கேட்டேன் அக்கா. கேட்டப்புறம் கை வரல. அந்த மாதிரி ஒண்ணை யாராலயும் குடுக்க முடியாது. உங்களாலயே திரும்பக் குடுக்க முடியாது."

"திரும்ப வேற குடுக்கணுமா?"

"பத்தொம்பது வருஷம் பத்திரமா வெச்சிருந்தேன். மூணு தடவை மெஷின் மாத்தினாங்க. மூணு தடவையும் அதைத்தான் முதல்ல எடுத்து வெச்சேன்."

"எங்க வீட்டுக்காரர் போட்டோவைக் கூட நான் அவ்வளவு பத்திரமா வெச்சுக்கல."

அவர் மூக்கை உறிஞ்சினார். "அந்தப் பொண்ணு குடுத்தது எதுவும் நிக்கல அக்கா. ஒண்ணாவது உருப்படியா வேணும்னு டைரக்டர் என் உசுரை எடுத்தாரு. வேற வழி தெரியல. உங்க பேரும் போட்டிருக்கேன், நன்றி வரிசையில."

"எங்க?"

"கேன்டீன்காரருக்கு அடுத்தது."

அலறலக்கா சிரித்தாள். சிரிப்பு வந்ததில் அவளுக்கே எரிச்சல். "அந்த அலறலை எடுத்துடு தம்பி" என்றாள்.

"நான் எடுக்க முடியாது. நீங்க எடுக்கலாம்." அவர் குரலை இறக்கினார். "இது என்னோடது, என்னைக் கேக்காம போட்டுட்டாங்கன்னு அந்த அட்டையில எழுதுங்க. இன்னைக்குச் சாயங்காலம்தான் ஒலியை முடிச்சு அனுப்புறோம். வக்கீலுக்குப் பயந்து தூக்கிடுவாங்க. எனக்கு வேலை போகும், போகட்டும். எழுதுங்க அக்கா."

அதைத் தூக்கினால் படம் கல்லைக் கட்டிய மாதிரி மூழ்கிவிடும். காலையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த வரம் அது. பேனாவும் அவள் கையிலேயே இருந்தது.

கீழே வந்தாள். கூடத்தில் கொழுந்தனைச் சுற்றி ஒரு கூட்டமே கூடியிருந்தது. டைரக்டரும் அதில் நின்றார். இளந்தாடிக்காரர், பாராட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பிடித்துக்கொள்ள இரண்டு கையையும் தயாராக வைத்திருந்தார். புதுப்பெண் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும், அது அவளுடையது இல்லையென்று. ஊரே தன்னைப் பாராட்டுகிறபோது மறுக்கவும் முடியாமல், ஏற்கவும் முடியாமல் நிற்கிற முகத்தை அலறலக்கா முதல் தடவையாகப் பார்த்தாள். அவளைத் திட்டுவதற்கு என்று வீட்டில் தயார்செய்து வைத்திருந்த வாக்கியங்கள் வீணாகிப் போயின.

"படம் குப்பை சார்" என்று கொழுந்தன் டைரக்டரின் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தார். "நூறு நிமிஷக் குப்பை. நாலே நாலு நொடி வைரம். அந்த லிஃப்ட் அலறல் நடிப்பே இல்ல. யாருக்கோ நெஜமா என்னவோ நடந்த மாதிரி இருந்துச்சு. எங்க அண்ணி இந்தத் தொழில்ல பெரிய ஆளு. அவங்களே அசந்துட்டாங்க. என்ன அண்ணி?"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கொழுந்தனின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. உள்ளங்கைகள் தட்டித் தட்டிச் சிவந்திருந்தன.

இப்போது எழுதினால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தான் போட்ட போனுக்கு என்ன பதில் வந்தது என்பதை, நூறு பேர் நடுவில், ஸ்பீக்கர் வைத்துக் கேட்டாகிவிட்டது. கேட்டதோடு முதல் ஆளாகக் கைதட்டியும் ஆகிவிட்டது. அந்தக் கைகளை அவர் அப்புறம் எங்கே கொண்டுபோய் வைப்பார்?

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அலறலக்கா.

டைரக்டர் அந்த வார்த்தையையும் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "அந்த டம்ளரை மட்டும் எடுத்துடறோம் சார்" என்றார் கொழுந்தனிடம். "சின்ன வேலை. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்." படியிறங்கி வந்த ஒலிப்பதிவாளர் தலையசைத்தார். அலறலக்காவின் கண்ணைப் பார்க்கவில்லை.

அவள் அட்டையை ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதினாள். நாலு கேள்விகள் அச்சடித்திருந்தார்கள்: கதை எப்படி, பயம் எப்படி, இசை எப்படி, மாற்ற வேண்டியது என்ன. முதல் மூன்றுக்கும் ஒரு கோடு போட்டாள். நாலாவதில், டம்ளர் அங்கேயே இருக்க வேண்டும், அதை எடுத்தால் நான் பேசுவேன் என்று எழுதி, ஒலிப்பதிவாளரின் சட்டைப் பையில் செருகினாள். அவர் படித்தார். இரண்டு தடவை படித்தார். அப்புறம் டைரக்டரை ஒரு ஓரமாகக் கூட்டிப்போய், டம்ளர்தான் அந்தக் காட்சிக்கே உயிர் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்க ஆரம்பித்தார். பாதி வழியில் அவர் குரல் உடைந்தது. டைரக்டர் அதைக் கலை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், டம்ளர் இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்ததாக அவள் சொன்னதிலிருந்து, கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடையிலிருந்து இரண்டு தடவை போன் வந்தும் எடுக்கவில்லை.

"தப்புக்குப் பரிஞ்சு பேசறீங்களே அண்ணி. நீங்களா இப்படி? ஒரு நியாயம் வேணாமா?"

"இருந்துட்டுப் போகட்டுமே."

"லிஃப்டுல டம்ளர் உருளுது. அது எப்படி இருந்துட்டுப் போகும்?"

நாலு நிறுத்தம் தாண்டும் வரை புலம்பினார். ஐந்தாவதில் தப்பு நோட்டைத் திறந்து பதினேழாம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஒருவேளை தப்பில்லையோ அண்ணி" என்றார் மெதுவாக. "சும்மா போட்ட சத்தம் மாதிரி இல்லையே. விழுந்து, ஒரு தரம் குதிச்சு, அப்புறம்தான் உருண்டுது. யாரோ கையில வெச்சிருந்திருக்காங்க. நமக்குக் காட்டல, அவ்வளவுதான்."

"இருக்கும்."

அவர் பதினேழை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். முகம் மறுபடி மலர்ந்துவிட்டது.

"பாருங்க, பதிமூணாம் பாகத்துல சொல்லிடுவான், அது யாரோட டம்ளர்னு."

அலறலக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்கால் ஒரு பிடி காற்றை உள்ளே இழுத்து, வயிற்றில் நிறுத்தினாள்.

"சொல்ல மாட்டான், கொழுந்தனாரே" என்றாள்.