செத்துப்போன அக்கா எழுதுவது

1

இந்தக் கதை ஒரு தலையிலிருந்து பிறந்தது. என் அழகு நிலையத்தில் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரின் தலை. அவர் கையில் என் தங்கையின் முதல் நாவல், பதினோராம் பதிப்பு. திடீரென்று விம்மினார்.

"ஐயோ, அந்த அக்கா செத்துட்டாங்க!"

"அழாதீங்க, கண்ணைத் துடைக்கப் போய் சாயம் பட்டுடும்" என்றேன். அந்த அக்கா நான்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அன்று மேகங்கள் கனத்து...’ வேண்டாம். மேகம், மழை எல்லாம் தங்கையின் சரக்கு. நமக்குச் சீப்பும் கத்தரிக்கோலும் போதும்.

(ஒரு சந்தேகம்: செத்துப்போன பாத்திரம் கதை சொல்லலாமா? ஏன் கூடாது? என்னைக் கேட்டுக்கொண்டா கொன்றாள்?)

3

தங்கையைக் கெட்டவளாக்கினால் கதை சுலபமாக முடியும். ஆனால் அவள் எழுதியதைப் படித்துத் தொலைத்தேனே! நான் சடை பின்னிவிட்டதை நாலு பக்கத்துக்கு உருகி எழுதியிருக்கிறாள். நேரில் "காபி ஆறிப்போச்சு" என்பதற்கு மேல் பேசியவளில்லை. என் சாவுக்கு நானே குலுங்கிக் குலுங்கி அழுதேன். வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அத்தனை பாசமும் அந்தச் செத்தவளுக்கல்லவா போய்விட்டது!

4

சிக்கல் ஒரு பேட்டியில் வந்தது. "எல்லாம் உண்மையில் நடந்ததா?" என்று கேட்டதும் தங்கை கண்கலங்கித் தலையாட்டிவிட்டாள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. நாவலுக்குப் பரிசும் கிடைத்தது. பரிசளிப்பு விழாவுக்கு முதல் நாள், சாயம் பூசிக்கொள்ள என்னிடமே வந்தாள்.

"அக்கா, நாளைக்கு வா. ஆனா கடைசி வரிசையில உக்காரு. யாராவது கேட்டா வாசகின்னு சொல்லிடு. நீ உயிரோட இருக்கறது தெரிஞ்சா என் மானமே போயிடும்."

"சரிடி. மூச்சாவது விடலாமா?"

அவள் சிரிக்கவில்லை.

5

முடிவு ஒன்று: மேடையேறி அவளைக் கட்டிக்கொள்கிறேன், ஒரே கைதட்டல். (சகிக்கவில்லை.)

முடிவு இரண்டு: நான் பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடு... சே, நானா!

போனேன். வாசகர் கேள்வி நேரத்தில் மைக் கடைசி வரிசைக்கு வந்தது. வாங்கிக்கொண்டு எழுந்தேன். மேடையில் தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. நான் பூசிய சாயம் மட்டும் அப்படியே இருந்தது.

"நான் வாசகிதான்" என்று ஆரம்பித்தேன். "அக்காவைப் பத்தி இவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க. அவங்க உயிரோட இருக்கறப்பவே, இதுல ஒரு வரியாவது அவங்ககிட்ட சொன்னீங்களா?"

தங்கை என்னையே பார்த்துக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

அவள் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: இந்தத் தடவையாவது என்னைச் சாகடிக்காமல் முடியுங்கள்.