சலூன்காரர் சீவிய கால் ஆணி

சலூன்காரர் நாற்பது வருஷம் ஊரார் கன்னத்தில் கத்தி வைத்தவர். ஒருத்தருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். கடையை மருமகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு, அவர் கைக்கு மிஞ்சிய வேலை மனைவியின் பாதங்கள்தான்.

அந்தப் பாதங்களை முடக்குவாதம் படாத பாடு படுத்தியிருந்தது. விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். காலையில் எழுந்து முதல் பத்து அடி வைப்பதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். மாதம் ஒரு முறை பாத மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்ப்பார், சின்ன வயசுப் பெண். அவர் சொல்லிக்கொடுத்தபடி சலூன்காரர் தினமும் மனைவியின் காலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, விரலிடுக்கில் ஈரம் தங்காமல் துணியால் ஒற்றி, களிம்பு தடவி, விரல்களுக்கு நடுவே பஞ்சு வைத்து, அகலமான செருப்பை மாட்டிவிடுவார். நல்லதைச் சொல்லாமல் இருப்பானேன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவளுக்கு நடந்தே ஆக வேண்டும். மூன்று தெரு தள்ளி, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவளுடைய அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. பெற்ற மகள் ஊட்டினால்கூட வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். தங்கை ஊட்டினால்தான் திறப்பாள். அதனால் தினமும் மத்தியானம் இவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி ஏறுவாள்.

இந்த லட்சணத்தில், வளைந்த விரலுக்கு அடியில் ஒரு ஆணி விழுந்தது. மருத்துவர் வர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒருநாள் அவள் பாதிப் படியிலேயே திரும்பி வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்னால ஏற முடியலங்க. அக்கா இன்னைக்குப் பட்டினி" என்று தேம்பினாள்.

சலூன்காரருக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்துப் புது ப்ளேடு மாட்டினார்.

"வேணாங்க. ப்ளேடு, கத்தி எதுவும் கால்கிட்டயே வரக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாங்கல்ல? வாதத்துக்கு நான் முழுங்கற மாத்திரைக்குச் சின்னக் கீறல்கூட ஆறாதாம்."

"கீறினாத்தானே ஆறணும்? அந்தப் பொண்ணுக்கு என் கையைப் பத்தி என்ன தெரியும்? நீ காலை நீட்டு."

நீட்டினாள். இழை இழையாகச் சீவி எடுத்தார். ரத்தமே வரவில்லை. அவள் எழுந்து நின்று பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது. "அட, வலியே இல்லங்க!" என்று அப்போதே அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சுற்று அதிகமாகச் சீவிவிட்டார், அவ்வளவுதான். மெலிந்துபோன தோல் படி ஏறி ஏறி வெடித்தது. ஐந்தாம் நாள் பாதம் செக்கச்செவேலென்று வீங்கி, காய்ச்சல் அனலாய் அடித்தது.

மருத்துவமனையில் பாத மருத்துவர் புண்ணைப் பார்த்ததும் கேட்டார். "யாரு வெட்டினது?"

"நான்தான். வலி தாங்காம நானே ப்ளேடால சுரண்டிட்டேன்" என்றாள் அவள்.

குனிந்து தன் காலைத் தொடவே முடியாதவள்! மருத்துவர் சலூன்காரரைப் பார்த்தார். வெட்கங்கெட்ட மனுஷன், ஆமாம் என்று தலையை வேறு ஆட்டினார்.

சீழ் எலும்பைத் தொட்டுவிட்டது. மூன்று வாரம் ஊசி போட்டுக்கொண்டு படுக்க வேண்டும், காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார்கள்.

தினமும் மத்தியானம் சலூன்காரரே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அந்த மாடிக்கு ஏறினார். "வாயைத் திறங்க அண்ணி, உங்க தங்கச்சிதான் கொடுத்தனுப்பினா" என்று கெஞ்சினார். அக்கா உதட்டைத் திறக்கவே இல்லை. அவர் தோளுக்குப் பின்னால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு வழியாக இரண்டு தடவை குழாய் போட்டார்கள், இரண்டு தடவையும் பிடுங்கிப் போட்டாள்.

"அக்கா சாப்பிட்டாளா?" என்று மனைவி வார்டில் கேட்பாள்.

"அரைக் கிண்ணம்" என்றார் முதல் நாள். போகப் போக அது முழுக் கிண்ணமாயிற்று.

"பாத்தீங்களா, என்னை மறந்தே போயிட்டா கள்ளி" என்று அவள் சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது.

பதினாறாம் நாள் காலையில் அக்காவின் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அம்மா போயிட்டாங்க. சித்திகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னார். "ஒரு வாய்கூட என்கிட்ட வாங்கல. தினமும் பொய் சொன்னேன். நான் கத்தியைத் தொட்டிருக்கக் கூடாது, பாவி நான்."

"தொட்டிருக்கக் கூடாதுதான்" என்றாள் அவள். "என்னாலயும் மனசார மன்னிக்க முடியலங்க." அதற்கு மேல் பேச முடியாமல் வாய்விட்டு அழுதாள். அன்று சக்கர நாற்காலியில் போய், மாடியிலிருந்து கீழே இறக்கி வைத்திருந்த அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வார்டுக்கே வந்து படுத்தாள்.

அடுத்த வாரம் பாத மருத்துவர் ஒரு புதுச் செருப்போடு வந்தார். உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்து, அவள் பாதத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது. சலூன்காரர் கீழே உட்கார்ந்து அதை மாட்டிவிட்டார். மருத்துவர் கையைப் பிடித்துக்கொள்ள, அவள் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினாள்.

"வலிக்குதாம்மா?"

"துளிகூட வலிக்கல டாக்டர்."

"அப்புறமென்ன? கொஞ்ச நாள்ல படிகூட ஏறிடுவீங்க."

அவள் கீழே உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள்.

"இனிமே நான் யார் வீட்டுக்குங்க ஏறிப் போறது?"